கட்டைவிரல் வைத்தியம்

அண்ணன் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர். பொத்தானை அழுத்தினால் தானே ஓடும் லிஃப்ட் வரப்போகிறது. அங்கேயே எழுத்தர் வேலையில் ஒட்டிக்கொள்ள ஆங்கிலத் தேர்வில் தேறவேண்டும்; வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் தங்கையின் தலையில்தான் அந்தப் பாரம் விழுந்தது.

மற்றதெல்லாம் எப்படியோ மண்டையில் ஏறிவிட்டது. ஜெரண்டும் பார்ட்டிசிப்பிளும்தான் உயிரை வாங்கின.

“‘தூங்குறது’ன்னா வேலையோட பேரு, ஜெரண்ட். ‘தூங்குற குழந்தை’ன்னா குழந்தை எப்படிப்பட்டதுன்னு சொல்றது, பார்ட்டிசிப்பிள். அவ்வளவுதாண்ணா.”

“நம்ம பாஷையில ஆளைப் பார்த்தாலே தெரியுது. இங்கிலீஷ்காரன் ரெண்டு பேருக்கும் ‘ஸ்லீப்பிங்’னு ஒரே சட்டையை மாட்டி விட்டுட்டானே, டீச்சரம்மா!”

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக அவள் இலக்கணம் ஒரு குறுக்குவழியில் வந்து நின்றது.

“அந்தச் சொல்லைக் கட்டைவிரலால மூடிப் பாருண்ணா. மிச்ச வாக்கியம் நின்னா பார்ட்டிசிப்பிள். குப்புற விழுந்தா ஜெரண்ட்.”

எல்லா இடத்திலும் பலிக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆபத்துக்குப் பாவமில்லை என்று விட்டுவிட்டாள். அண்ணன் மூடி மூடிப் பார்த்ததில் பயிற்சித்தாளெல்லாம் விரல் அழுக்கு.

தேர்வோ தொடுதிரையில். கூட வந்தவர்கள் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்காரவேண்டும். விதிமுறை ஒலிபெருக்கியில் வந்தது: இரண்டு வாக்கியம் தெரியும், ஜெரண்ட் உள்ளதைத் தொடவேண்டும், தொட்டதை மாற்ற முடியாது. அண்ணன் தலையாட்டினார். பயந்துவிட்டால் அவர் எதற்கும் தலையாட்டுவார்.

முதல் கேள்வி. கட்டைவிரலைச் சட்டையில் துடைத்து, முதல் வாக்கியத்தின் சொல்லை மூடினார். திரை அடுத்த கேள்விக்கு மாறியது. அவர் விழித்தார். மறுபடி மூடினார். மறுபடி மாறியது.

அவள் பதறி எழுந்தாள். கண்ணாடியைத் தட்டினாள். காவலாளி ஓடி வந்தார்.

“தட்டாதீங்கம்மா. நீங்க சைகை காட்டினதா நினைச்சு அவரை எழுப்பி வெளிய அனுப்பிருவாங்க.”

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பாவி, ஒருநாளாவது திரையில் பழக்கியிருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். உள்ளே அவர் வியர்த்து வியர்த்து, இன்னும் வேகமாக மூடிக்கொண்டே போனார்.

வெளியே வந்தவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“மிஷினுக்கு என்ன அவசரமோ, யோசிக்கவே விடல. ஆனா நீ சொன்னதை நான் விடல, டீச்சரம்மா. ஒண்ணு பாக்கியில்லாம மூடிப் பார்த்துட்டேன்.”