யாகப்பன் பக்கத்து இடம்

கோவிந்தராசுவின் உடலை நெருப்பு ஏற்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கடற்கரைச் சுடுகாட்டில் வறட்டியும் சவுக்குக் கட்டையும் அடுக்கி, ஒரு கேன் மண்ணெண்ணெய் ஊற்றி, தம்பி மகன் கொள்ளி வைத்தான். சிதையைத் தொட்டதும் கொள்ளி தண்ணீரில் முக்கியதுபோல் அணைந்தது. ஒன்பது முறை வைத்துப் பார்த்தார்கள். புதன்கிழமை வெளியூரில் இருக்கும் எரிவாயுத் தகன மேடைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவருக்கு முன்னால் போனவரும் பின்னால் போனவரும் முறையாகச் சாம்பலானார்கள். இவர் மட்டும் கழுத்து மாலைகூட வாடாமல் வெளியே வந்தார். பணியாளர் பதிவேட்டில் 'எரியவில்லை' என்று எழுதி, கூட வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

கோட்டுச்சேரிமேட்டுக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சின்னக் குப்பத்தில் இதற்கு யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் கோவிந்தராசுவின் ஒரே மகன் கலைவாணன் போன ஃபைபர் படகில், நடுக்கடலில் இன்ஜின் தீப்பிடித்தது. கூட இருந்த மூன்று பேர் குதித்துத் தப்பினார்கள். கலைவாணன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் அவன் அம்மா பவுனம்மாள் விளக்கேற்றப் போனபோது தீக்குச்சி பற்றவில்லை. அதிலிருந்து அந்த வீட்டில் எதுவுமே பற்றவில்லை. கேஸ் மெக்கானிக் வந்தார். அதே அடுப்பை, அதே சிலிண்டரைத் தெருவில் வைத்துப் பற்றவைத்துக் காட்டிவிட்டு, பொருளில் கோளாறு இல்லை என்று சொல்லிப் போனார். கரண்ட் அடுப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது, கம்பி சில்லென்று கிடந்தது. பிள்ளையைத் தின்ற வெட்கத்தில் நெருப்பு அந்த வாசலை மிதிக்கவில்லை என்று சிலர் சொன்னார்கள். சாபம் என்று பலர் சொன்னார்கள். பவுனம்மாள் விற்கும் மீன் பொரிய ஒரு மணி நேரம் ஆகிறது என்று தெரிந்ததும் தலத்தெரு வரைக்கும் அவளிடம் மீன் வாங்குவது நின்றுபோனது. உறவுக்காரர்கள் கொஞ்ச நாள் சோறு கொடுத்தார்கள். அவர்கள் வீட்டு அடுப்புகளும் சுணங்கத் தொடங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். புருஷனும் பெண்சாதியும் அவலை நனைத்துத் தின்று உயிர் வைத்திருந்தார்கள்.

குப்பம் முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் பதினாறு இருந்தன. முதல் வீடு சலோமியுடையது. லாரி ஓட்டிய கணவர் யாகப்பன் இறந்த பிறகு வாசலில் இட்லிக்கடை போட்டு, மகன் ரொனால்டைப் படிக்கவைத்துப் பிரான்சுக்கு அனுப்பியவள் அவள். அவளுக்கு இருந்தது ஓர் அடுப்பு. அதை நம்பித்தான் இருபது வருடம் ஓடியிருந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மதியம், பவுனம்மாள் ஒரு கிண்ணம் அரிசியோடு அவள் வாசலுக்கு வந்தாள்.

"தாயி, இத மட்டும் பொங்கிக் குடுங்க. நான் உள்ள வரல. தெருவுலயே நிக்கிறேன். அவுருக்கு நாலு நாளா வயிறு ஒத்துக்கல."

சலோமிக்கு அடுப்புதான் கண்முன் வந்தது. "அடுப்ப அணைச்சுட்டேங்க பவுனக்கா" என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் உலை கொதித்துக்கொண்டிருந்தது. மூடி தடதடவென்று ஆடும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. பவுனம்மாள் சலோமியின் தோளுக்கு மேலாக ஒருமுறை உள்ளே பார்த்தாள். சரி தாயி என்று கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று மாலை சலோமி கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போனாள். எல்லோரும் முழந்தாளிட்ட இடங்களில் அவளால் முழங்காலை மடக்க முடியவில்லை. வாதம் என்று நினைத்துத் தைலம் தேய்த்தார்கள். சரியாகவில்லை. பதினேழு நாள் கழித்து, திங்கட்கிழமை, கோவிந்தராசு இறந்துபோனார்.

புதன்கிழமை மாலை உடல் திரும்பியபோது குப்பத்துக்குள் விட மறுத்தார்கள். நெருப்பு வேண்டாமென்ற உடம்பைக் கரை மணலில் புதைத்தால் கடல் கோபிக்கும், நாளைக்குப் படகு இறக்க வேண்டாமா என்று கேட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, சலோமி வீட்டுக்கு எதிரே, குட்டியானை வண்டியில் ஃப்ரீசர் பெட்டி இருந்தது, பெட்டிமேல் கவிழ்ந்தபடி பவுனம்மாள் கிடந்தாள். பெட்டியின் பேட்டரி தீர்ந்து கண்ணாடியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. எங்கே போவதென்று தெரியாமல் டிரைவர் பீடியைப் பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பற்றவில்லை. இட்லி வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள்.

சலோமி கரண்டியைக் கீழே வைத்தாள். வண்டியைத் தன் முற்றத்துக்குள் விடச் சொன்னாள். ஜன்னல் வழியாக ஒயரை இழுத்துப் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தாள். உள்ளே அடுப்பின் சுடர் சுருங்கிச் சுருங்கிக் கடுகளவு ஆனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பவுனம்மாளைக் கைத்தாங்கலாக இறக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"பவுனக்கா, அன்னைக்கி அடுப்பு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு."

"தெரியும் தாயி. பாத்தேன்."

"ஒரு வார்த்த திட்டியிருக்கலாமுல்ல?"

"திட்டுறதுக்கு ஒடம்புல தெம்பு வேணுமே."

சலோமி அவள் காலடியில் உட்கார்ந்து அழுதாள். உட்கார்ந்தபோது முழங்கால் மடங்கியது, அழுது முடித்து எழுந்த பிறகும் அவளுக்கே தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனாள். பங்குச் சாமியாரும் கல்லறைக் கமிட்டிச் செயலாளர் கிளாட்வினும் அறையில் இருந்தார்கள். அவள் கேட்டதைக் கிளாட்வின் முழுதாகக் கேட்கவே இல்லை.

"ஞானஸ்நானம் வாங்காதவருக்கு எப்புடிம்மா? வாங்குனவங்களுக்கே எடம் கெடையாது. அடுத்த வருசம் மதில இடிக்கணும்."

"எனக்கு எடம் இருக்குல்ல?"

"இருக்கு. யாகப்பன் அண்ணன் பக்கத்துல. அது ஒங்களுக்குன்னு எழுதி வச்சது."

"அதத்தான் கேக்குறேன்."

"அப்பறம் நீங்க?"

"நான் இன்னும் சாவலயே. அவரு செத்து நாலு நாளாச்சு."

சாமியார் கல்லறைச் சாவியை எடுத்துக் கிளாட்வினிடம் நீட்டினார். பிறகு, இந்த அம்மா நம்மிடம் அனுமதி கேட்கவில்லை, மண்வெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள் என்றார். சேதி அதற்குள் கடல் தாண்டியிருந்தது. ரொனால்ட் போனில் கத்தினான். அப்பா பக்கத்தில் யாரோ ஒருவரைப் படுக்கவைப்பதா, நாளைக்கு உன்னை நான் எங்கே தேடுவது என்று கேட்டு அழுதான். "ஒங்கப்பா லாரி ஓட்டுறப்ப வழியில நிக்கிறவங்கள ஏத்தாம வந்ததில்லடா. இப்ப மட்டும் ஒதுங்கிப் படுக்க மாட்டேம்பாரா?" என்றாள் சலோமி. அவன் போனை வைத்துவிட்டான். ஏழு மாதம் பேசவில்லை.

தூக்க ஆள் வரவில்லை. தம்பி மகன், வண்டி டிரைவர், பள்ளிக்கூட ஆட்டோ ஓட்டும் நாகூர் மீரான், மூன்று பேர்தான் தேறினார்கள். நான்காவது மூலை காலியாக இருந்தது. குழி வெட்டியாகிவிட்டது என்று சொல்ல வந்த கிளாட்வின் அதைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு அந்த மூலையைத் தோளில் வாங்கினார். வழியெல்லாம் கமிட்டிக்கு என்ன பதில் சொல்வது என்று முணுமுணுத்துக்கொண்டே போனார், ஆனால் தோளை மாற்றவில்லை. சாமியார் ஜெபம் சொன்னார். பவுனம்மாள் தன் வழக்கப்படி பால் தெளித்தாள். மண் விழுந்தபோது மட்டும் அவள் கூவினாள்: "எம்புள்ளைக்கு இதுகூட இல்லாமப் போச்சே!" மண் அவரை மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது.

அன்று கல்லறையிலிருந்து பவுனம்மாளைச் சலோமி தன் வீட்டுக்கே கூட்டிவந்தாள். அடுப்பு அணையவில்லை. கடுகளவிலேயே நின்றது. பத்து நிமிடத்தில் வெந்த ஒரு ஈடு இட்லி இப்போது ஒரு மணி நேரம் எடுத்தது. முதல் இரண்டு மாதம் வியாபாரம் அடியோடு படுத்தது. மாவு புளித்துப் புளித்துக் கொட்டப்பட்டது. என்னை அனுப்பிடு தாயி என்று பவுனம்மாள் மூட்டை கட்டினாள், மூன்று முறை. மூன்று முறையும் சலோமி மூட்டையைப் பிரித்து உள்ளே வைத்தாள். மூன்றாம் மாதம் நாகூர் மீரான் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்து, பேப்பரைப் பிரித்துக்கொண்டு, வேகட்டும் அக்கா என்று உட்கார்ந்தார். மறுநாள் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். குப்பத்திலிருந்து ஒருவர் வந்தார், தலையைக் குனிந்தபடி. எட்டாம் மாதம் ரொனால்ட் போன் செய்து, அந்த அம்மா சாப்பிட்டார்களா என்று மட்டும் கேட்டான்.

யாகப்பன் பெயர் பொறித்த சிலுவைக்குப் பக்கத்தில் இப்போது கோவிந்தராசு என்று ஒரு சிறிய சிமெண்டுப் பலகை இருக்கிறது. கமிட்டிப் பதிவேட்டில் மதம் என்ற கட்டத்தில் கிளாட்வின் ஒரு கோடு போட்டிருக்கிறார். சலோமிக்கு எங்கே இடம் என்பது முடிவாகவில்லை, அவள் கேட்கவும் இல்லை. கடையில் காலை எட்டு மணிக்கு முதல் ஈடு இறங்கும். அதுவரை வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பவுனம்மாள் அம்மியில் சட்னி அரைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். புதிதாக வரும் யாராவது ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால், இந்த வீட்டில் அப்படித்தான் வேகும் என்று சொல்லி, நகர்ந்து இடம் கொடுப்பார்கள்.