நல்ல வேளை, நீ பார்க்கல

கால்பந்தில் நம்ம டீம் தோற்றதைக்கூட லிஃப்ட்காரர் பொறுத்துக்கொண்டிருப்பார். தோற்ற ஐந்தாவது நிமிஷம் கேப்டன் சிரித்தான் பாருங்கள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஜெயித்த அணிக்காரன் தோளில் கையைப் போட்டு, தன் சட்டையைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய ஒரு சிரிப்பு. நாட்டையே நான்கு வருஷம் காக்க வைத்து, காலிறுதிவரை வந்து, ஒரு கோல் முன்னால் இருந்துவிட்டு, கடைசி இருபது நிமிஷத்தில் இரண்டு கோல் வாங்கி மூட்டை கட்டியவன் சிரிக்கிற சிரிப்பா அது?

"கல்யாணத்துக்கா வந்திருக்கான் இவன்?" என்று டிவியைப் பார்த்துக் கத்தினார். ஜன்னலில் கட்டியிருந்த கொடியை அவிழ்த்துப் பழந்துணி மூட்டையில் திணித்தார். "இன்னியோட இந்த டீமைத் தலைமுழுகிட்டேன்" என்று கூடத்துக்கு அறிவித்தார். கூடத்தில் கேட்க ஆளில்லை. நம்ம டீம் ஆடும்போது மனைவி அங்கே இருக்கக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம்.

சட்டம் வந்த கதை இது. இருபது வருஷத்துக்கு முன், கல்யாணமான புதிதில், இதே கோப்பைக்கான முதல் ஆட்டத்தின்போது அவள் அம்மா வீட்டில் இருந்தாள், டீம் ஜெயித்தது. இரண்டாவது ஆட்டத்துக்கு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், தோற்றது. மூன்றாவதுக்கும் உட்கார்ந்தாள், அதுவும் போச்சு. "உன் ராசி அப்படி" என்று லிஃப்ட்காரர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அடுத்த கோப்பை வந்தபோது சிரிப்பு போய் ராசி மட்டும் நின்றது. ஆட்டம் ஆரம்பிக்கக் கால் மணி இருக்கும்போதே "நீ கொஞ்சம்..." என்று இழுப்பார். அவள் எழுந்து எதிர்வீட்டு நர்ஸம்மாவிடம் போய்விடுவாள். அங்கே இரண்டு பேரும் சீரியல் பார்ப்பார்கள் என்பது அவர் நினைப்பு. யாரும் அவருக்கு அப்படிச் சொன்னதில்லை, அவராக நினைத்துக்கொண்டதுதான்.

அன்று மாலையும் அவள் எதிர்வீட்டிலிருந்துதான் வந்தாள். கண் சிவந்திருந்தது. சீரியலில் யாரோ செத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டார். திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது.

"நீ எங்கயாவது எட்டிக்கிட்டிப் பார்த்தியா?"

"இல்லைங்க. சாப்பிட வாங்க."

"எனக்கு வேணாம். பதினோரு பேர் சேர்ந்து முதுகுல குத்திட்டானுங்க. எனக்கு எப்படிச் சோறு இறங்கும்?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊர் லிஃப்டையெல்லாம் பழுது பார்ப்பது அவர் தொழில்; மாதத்தில் ஒரு ஞாயிறு தன் குடியிருப்பின் லிஃப்டுக்கு அவரே எண்ணெய் போட்டு, பிரேக்கைப் பார்த்துவிடுவார். மாடியில் மோட்டார் அறைக்குப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கீழே 'வேலை நடக்கிறது' பலகையை மாட்டி, மேலே மோட்டாரைப் பார்த்து முடித்து, பிறகு லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு, பொத்தானை அழுத்தி அங்குலம் அங்குலமாக இறங்கினார். இருபுறமும் இரும்புத் தண்டவாளம், அதில் பிரஷ்ஷால் எண்ணெய், கையில் ஒரு டார்ச். மூன்றாவது மாடிக் கதவுக்கு நேராகத் தலை வந்தபோது பெட்டியை நிறுத்தினார். அது அவர் குடியிருக்கும் மாடி. கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல்.

"அட, லிஃப்ட் இல்லையா?" இது நர்ஸம்மா. "உன் வீட்டுக்காரர் மேலேயா இருக்கார்? சாப்பிட்டாரா?"

"எங்கே சாப்பிட்டார் அக்கா! கேப்டன் துரோகி, கோச் துரோகின்னு ஒரே புலம்பல்." இது அவள்.

"கேப்டன் என்னடி பண்ணுவான்?"

"அதானே. இடது பக்கம் காவல் நின்ன அந்த லெஃப்ட் பேக்கை எப்ப வெளியே எடுத்தாங்களோ, அப்பவே முடிஞ்சுது. இனிமே அந்தப் பக்கம் திறந்த வீடுதான்னு நான் சொல்லல?"

"சொன்ன, சொன்ன. ரெண்டு கோலும் அந்தப் பக்கம்தான் வந்துது. உன்னைக் கோச்சா போட்டிருக்கணும். கப் ஜெயிச்ச வருஷம் நீ போட்ட சத்தத்துல எங்க வீட்டுக்காரர் சட்டை பூரா காபியைக் கொட்டிக்கிட்டாரே, ஞாபகம் இருக்கா?"

லிஃப்ட்காரரின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி, மூன்று மாடி இறங்கி, அடியில் போய் டங்கென்று விழுந்தது.

"மேலேருந்து எதையோ போட்டுட்டார் உன் ஆளு" என்றாள் நர்ஸம்மா. இருவரும் சிரித்துக்கொண்டே படியில் இறங்கிப் போனார்கள்.

அவர் அந்த இருட்டில் அப்படியே நின்றார். கப் ஜெயித்த வருஷம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், இறுதி ஆட்டம். அதை அவள் பார்த்திருக்கிறாள், டீமும் ஜெயித்திருக்கிறது! அப்படியானால் எல்லா ஆட்டமும்? சுவருக்குச் சுவர் பத்தடி. ஒருநாளும் அவள் குரல் இவர் காதில் விழவில்லையே? எப்படி விழும், இவர் போடும் கூச்சல் அடங்கினால்தானே. அதைவிட அந்த லெஃப்ட் பேக் விஷயம் அவரை அரித்தது. முப்பது வருஷமாகப் பார்க்கிறார், இரண்டு கோலும் ஒரே பக்கம் வந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

அவள் காய்கறிப் பையோடு திரும்பியபோது, எண்ணெய்க் கையைக்கூடக் கழுவாமல் கூடத்தில் நின்றிருந்தார்.

"இத்தனை வருஷமா என்னை ஏமாத்தியிருக்க."

அவள் அவர் கையைப் பார்த்தாள், சட்டையில் ஒட்டியிருந்த லிஃப்ட் மசியைப் பார்த்தாள். லிஃப்ட் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார் என்று புரிந்துகொண்டாள். பையைக் கீழே வைத்தாள்.

"ஆமா."

"நேத்துகூட கேட்டேனே! மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொன்னியே! அவனுங்கதான் துரோகம் பண்ணினானுங்கன்னு பார்த்தா, வீட்டுக்குள்ளயே..."

"பார்த்தேன்னு சொன்னா, தோத்ததுக்கு நான்தான் காரணம்னு ஆகியிருக்கும். சொல்லுங்க, ஆகியிருக்காதா?"

லிஃப்ட்காரர் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்தார்.

"கப் ஜெயிச்ச அன்னிக்கு நான் நர்ஸக்கா வீட்டுக் கதவைத் திறந்துக்கிட்டு ஓடி வந்தேன். அழுதுக்கிட்டே வந்தேன். நீங்க வாசல்ல நின்னு எல்லாரையும் கட்டிப்பிடிச்சீங்க. நர்ஸக்கா வீட்டுக்காரரை, வாட்ச்மேனை, யாரோ முகம் தெரியாதவனை. என்னைப் பார்த்ததும் என்ன சொன்னீங்க தெரியுமா? 'நல்ல வேளை, நீ பார்க்கல.'"

அவருக்கு நினைவிருந்தது. அதைச் சந்தோஷமாகச் சொன்னதும் நினைவிருந்தது.

"அந்தப் பதினோரு பேருக்கு உங்களை யாருன்னே தெரியாது. அவங்க சிரிச்சதுக்கு நீங்க சோறு வேணாம்னீங்க. உங்களுக்கு என்னைத் தெரியும். தெரிஞ்சுதானே ஒவ்வொரு தடவையும் எழுப்பி விட்டீங்க? உங்க பக்கத்துல உக்காந்து பார்க்கணும்னுதானேங்க அந்த ஆட்டத்தையே கத்துக்கிட்டேன்."

பையை எடுத்துக்கொண்டு அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். லிஃப்ட்காரர் கையைக் கழுவினார். சோப்பு போட்டு மூன்று தடவை கழுவினார். மசி போயிற்று, மனசு ஆறவில்லை.

அடுத்த ஞாயிறு மாலை இறுதி ஆட்டம். யாரோ இரண்டு நாடுகள். தலைமுழுகியவருக்கு அதில் என்ன வேலை என்று கேட்கக் கூடாது. கூடத்தில் டிவிக்கு முன்னால் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். ஒன்றுக்குக் குஷன் வைத்தார். "நீ இங்கயே உக்காரு" என்று சொல்ல வாரம் முழுக்க ஒத்திகை பார்த்திருந்தார். கால் மணி இருக்கும்போது அவள் தலையை வாரிக்கொண்டு, வழக்கம்போல் செருப்பை மாட்டினாள்.

"இந்தா... இங்க உக்காரேன்."

அவள் குஷனைப் பார்த்தாள்.

"எனக்கு அங்க இடம் இருக்குங்க" என்றாள், கோபமே இல்லாமல். கதவு சாத்திக்கொண்டது.

பத்து நிமிஷம் தனியாகப் பார்த்தார். எதிர்வீட்டிலிருந்து "ஆஃப்சைடு! ஆஃப்சைடு!" என்று ஒரு குரல் கேட்டது. தன் வீட்டில் அவர் இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை, அதனால்தான் கேட்டது. அவள் குரல்தான். எழுந்தார். குஷன் இல்லாத நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டு மணியை அடித்தார்.

நர்ஸம்மா கதவைத் திறந்து, அவரையும் நாற்காலியையும் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "ஏய், உன் வீட்டுக்காரர் வந்திருக்கார். விடலாமா?" என்றாள்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள்: "வரட்டும் அக்கா. இன்னிக்கு ஆடுறது நம்ம டீம் இல்லையே."