ஆளுக்கொரு பொதி

“பூநகரிக்கு ஒரு பொதி கூட, முள்ளியவளைக்கு ஒண்டு குறைய எண்டால், நாளைக்கு ஆர் மறுமொழி சொல்லுறது?”

“ஐயா, இது அந்தப் பொதி இல்லையெண்டு எத்தினை தரம்…”

“பொதி எண்டால் பொதிதான், பிள்ளை.”

தலைவர் கனகலிங்கம் பிள்ளை என்றது புதுக்குடியிருப்புக் கணினிச் சங்கத்தின் செயலாளர் சுதாஜினியை. அவர் இடம்பெயர்ந்திருந்த முகாம் காலத்தில் நிவாரணப் பொதி பங்கிட்டவர். ஒரு குடும்பத்துக்கும் கூடக்குறையக் கொடுத்ததில்லை. குழந்தையில்லாத வீட்டுக்கும் பால்மா கொடுத்தவர். மென்பொருள் ‘பேக்கேஜ்’ என்பதைச் சுதாஜினி ‘பொதி’ என்று தமிழில் எழுதிக்கொண்டு வந்ததும் அவருக்குப் பழைய உற்சாகம் திரும்பிவிட்டது.

பூநகரி வாசிகசாலையில் இருந்தவை ஏதோவொரு அரசாங்கக் கந்தோர் கழித்துவிட்ட பழைய கணினிகள். முள்ளியவளை வாசிகசாலைக்கு வந்தவை உள்ளங்கையளவு புதுப் பெட்டிகள். இரண்டுக்கும் சிப் வேறு. ஒவ்வொரு மென்பொருளையும் இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்து ஓட்டிப் பார்க்கவேண்டும். சிலது ஒன்றில் ஓடும், மற்றதில் ஓடாது. பழையதையெல்லாம் அழித்துப் புதிதாய் ஏற்றுமுன், எதற்கு எதைக் கொடுப்பதென்று தீர்மானிக்கத்தான் கூட்டம்.

பூநகரியிலிருந்து பஸ் மாறி வந்த பத்மாசனி மூலைக் கதிரையில் அமர்ந்திருந்தாள். கண் தெரியாதவள். திரையில் உள்ளதைத் தமிழில் வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் கேட்டுத்தான் பட்டப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அது பழைய கணினியில் மட்டும் ஓடும்.

அதற்கதற்கு ஏலுமானதைக் கொடுப்போம் என்று சுதாஜினி மன்றாடிப் பார்த்தாள். அப்படிக் கொடுத்தால் பாரபட்சம் எண்டு மனு வரும் என்றார் தலைவர். ஒன்றுக்கு இல்லாதது மற்றதற்கும் வேண்டாம் என்று முடிவாகியது. படம் கீறும் மென்பொருள் போயிற்று. கணக்குப் பாடம் போயிற்று. வாசிக்கும் குரலும் போயிற்று. இரண்டிலும் ஓடுவதென்று கடைசியில் மிஞ்சியவை நேரம் காட்டும் மணிக்கூடும் சீட்டு விளையாட்டும்.

சம்மதமானவர்கள் கை உயர்த்தினார்கள். ஓசைப்படாமல் உயர்த்தியதால் பத்மாசனிக்கு அது தெரியவில்லை. எதிர்ப்பில்லை என்று பதிந்துகொண்டு தேத்தண்ணி கொடுத்தார்கள்.

“பாத்தியளே, ஒருத்தருக்கும் குறையில்லை,” என்றார் தலைவர். “என்ன பத்மாசனி, சந்தோசம்தானே?”

பத்மாசனி கோப்பையைத் தடவித் தடவிக் கீழே வைத்தாள்.

“ஓம் ஐயா. அந்தச் சீட்டு விளையாட்டில என்ர கையில இருக்கிறது என்ன சீட்டு எண்டு ஆர் எனக்கு வாசிச்சுச் சொல்லுறது?”