கன்றுகள் வெளியே வந்த ஞாயிறு

சிட்டு பால் குடிப்பதை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. டம்ளரைப் பார்த்தாலே உதட்டை இறுக்கிக்கொள்வாள். "அது ஃபேக்டரியில செய்யறது, எனக்கு வேண்டாம்" என்பாள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. கெஞ்சியும் மிரட்டியும் அலுத்துப்போன அவள் அம்மா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பால் கறப்பதைக் கண்ணால் காட்டிவிடுவது என்று முடிவு செய்தாள்.

அவள் திரைச்சீலைக் கடையில் தையல் மிஷினோடு மல்லுக்கட்டுகிறவள். வாரம் முழுக்க, தைத்து முடித்த பிறகு மனசை மாற்றிக்கொள்ளும் வாடிக்கையாளர்களுக்குச் சிரித்து முகம் காட்டியே தாடை வலிக்கும். ஓய்வு என்று கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். ஊருக்கு வெளியே ஒரு சின்னப் பால் பண்ணை இருப்பதை விசாரித்து, போன் போட்டுப் பேசியதும் அவளேதான்.

"நாலு மணிக்குக் கறவை. அதுக்கு முன்னாடியே வந்துடுங்கம்மா. நடுவுல புது ஆள் வந்தா மாடு மிரளும், உள்ள விட மாட்டேன்" என்று பண்ணைக்காரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை சாப்பிடும்போது கணவன் சாவகாசமாகச் சொன்னான். "அக்காவும் வரேன்னு சொன்னா. சரின்னுட்டேன்."

மறுநாள் நாத்தனார் வந்து சேரவே தாமதம். வந்தவள், கிளம்பிய பிறகு, மடக்கு நாற்காலியை எடுக்க மறந்துவிட்டேன் என்று காரைத் திருப்பச் சொன்னாள். வழியில் கணவன் டயருக்குக் காற்று பிடிக்க இறங்கி, அங்கே அகப்பட்ட சிநேகிதனிடம் வாயடித்துக்கொண்டு நின்றான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பண்ணைக்குப் போனபோது கொட்டகைக்குள் கறவை மிஷினின் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. பண்ணைக்காரம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பாதி ஆயிடுச்சு. முடியட்டும், மாட்டைக் காட்டறேன். அதுவரைக்கும் பின்பக்கம் கன்னுக்குட்டிங்களைப் பாருங்க. ஆனா கேட்டைத் திறந்தா கொக்கியை மாட்டிடணும்."

முடிந்த பிறகு பார்க்க என்ன இருக்கிறது என்று வாய் வரைக்கும் வந்தது.

"விடு, வந்ததுக்கு நல்ல காத்தாவது வாங்கிட்டுப் போவோம்" என்றான் கணவன். அதைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

நாத்தனாருக்கு எதுவும் பிடிக்கவில்லை. வைக்கோல் ஈரமாம், ஈ மொய்க்கிறதாம், தானாக இருந்தால் தரைக்கு டைல்ஸ் போட்டிருப்பாளாம். அப்படியே கேட்டைத் திறந்து உள்ளே போய், ஒரு கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தம்பியைப் படம் எடுக்கச் சொன்னாள். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று கறுப்புக் கண்ணாடி எடுக்க நாத்தனார் காருக்குப் போனாள். கணவன் எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தான். சிட்டு அம்மாவின் கையைப் பிடித்தபடி வேலி ஓரமாக நின்றாள்.

முதல் கன்று இருவரையும் உரசிக்கொண்டு போனபோதுதான், கேட் திறந்தே கிடப்பது அவளுக்கு உறைத்தது. அதன் பின்னால் மற்றவையும் வாலைத் தூக்கிக்கொண்டு கிளம்பின.

கணவன் எதிரில் ஓடி இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினான். ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தவை திக்குக்கொன்றாகச் சிதறின. சில பக்கத்து முட்டைக்கோஸ் தோட்டத்தில் இறங்கின. இரண்டு கன்றுகள் பெரிய சாலையை நோக்கி ஓடின. அவள் சிட்டுவை வேலிக்கு உள்பக்கம் நிறுத்திவிட்டுச் செருப்பை உதறிப் போட்டு ஓடினாள். குறுக்கு வழியில் முந்திப் போய், சந்து முனையில் கைகளை விரித்து நின்றாள். ஒன்று முட்டியதில் பின்னால் சாய்ந்து கல்லில் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். ஆனாலும் அதன் கழுத்துக் கயிற்றை விடவில்லை. அது நின்றதும் மற்றதும் நின்றது.

அதற்குள் சத்தம் கேட்டுப் பண்ணைக்காரம்மா வெளியே ஓடி வந்தாள். உள்ளே கறவைக்கு ஒத்தாசையாக நின்ற பண்ணைக்காரம்மாவின் தம்பி மட்டும் தனியாக மாட்டிக்கொண்டான். ஒரு பசு மிரண்டு உதைத்ததில் நிறைந்த கேன் கவிழ்ந்தது.

எல்லாக் கன்றுகளையும் ஓட்டிக்கொண்டு வந்து அடைத்த பிறகு, பண்ணைக்காரம்மா மூச்சு வாங்கக் கேட்டாள். "கொக்கியை யாரு மாட்டல?"

கணவன் அசட்டுச் சிரிப்போடு சொன்னான். "குழந்தை திறந்துட்டா போலிருக்கு. சின்னப் பொண்ணு, தெரியல பாருங்க."

சிட்டு அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். கண்கள் நிறைந்தன.

"சிட்டு என் கையைப் பிடிச்சிட்டு நின்னா" என்றாள் அவள். "திறந்து போட்டுட்டுப் போனது அண்ணி. கூடவே வந்தது நீங்க."

"நான் என்ன வேணும்னா பண்ணேன்?" என்றாள் நாத்தனார்.

"நாலு பேர் முன்னாடி இது தேவையா?" என்றான் கணவன் தணிந்த குரலில்.

"குழந்தை தலையில கட்டறது மட்டும் தேவையா?"

பண்ணைக்காரம்மாவுக்கு இதைக் கேட்டுக்கொண்டிருக்கப் பொறுமையில்லை. "யார் திறந்தா என்ன, அந்த மாடு பாலை அடக்கிக்கிச்சு. அப்படியே விட்டா மடி வீங்கிடும். நான் போகணும்." உள்ளே போய்விட்டாள்.

கணவனும் நாத்தனாரும் காரில் ஏறிக்கொண்டார்கள். அவள் ஏறவில்லை. சிட்டுவோடு கொட்டகை வாசலுக்குப் போய், "நான் ஏதாவது செய்யட்டுமா?" என்று கேட்டாள்.

பண்ணைக்காரம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "அந்த ரப்பர் குழாயால கொட்டின பாலைக் கழுவி விடுங்க. சத்தம் போடாம" என்றாள்.

முழங்கை எரிய எரிய அவள் தண்ணீர் அடித்தாள். வெள்ளைத் தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. மாடு சிலிர்த்துக்கொண்டது. "அது யாரு மறுபடியும்?" என்று பண்ணைக்காரம்மா சீறினாள். சிட்டுவின் அம்மா போய்க் காரின் கண்ணாடியைத் தட்டி, "இன்னொரு தடவை அடிச்சீங்கன்னா நான் பஸ்ல வரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

பண்ணைக்காரம்மா பசுவின் முதுகைத் தடவி ஏதோ முணுமுணுத்தபடி கையாலேயே பீய்ச்ச ஆரம்பித்திருந்தாள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வாளியில் சர்ரென்று விழுந்தது. சிட்டு வாசல் கட்டையைப் பிடித்தபடி வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

திரும்பும் வழியில் அம்மா ஆசையோடு கேட்டாள். "பாத்தியாடி? மாட்டுகிட்ட இருந்துதானே வருது?"

"பாத்தேன்" என்றாள் சிட்டு. "அது மாட்டோடது. எனக்கு வேண்டாம்."

கணவன் வாய்விட்டுச் சிரித்தான். "இதுக்கா இவ்ளோ பாடு? பேசாம வீட்லயே இருந்திருக்கலாம்."

"அடுத்த ஞாயிறு நான் வீட்ல இருக்க மாட்டேன்" என்றாள் அவள்.

"ஏன், எங்க போறோம்?"

"போறோம் இல்ல. நான் மட்டும்."

"எங்க?"

"இன்னும் யோசிக்கல."

நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கணவன் கண்ணாடியில் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான்.

சொன்னபடியே அடுத்த ஞாயிறு சிட்டுவுக்குத் தலை வாரிவிட்டுக் கைப்பையோடு கிளம்பினாள். செருப்பை மாட்டும்போது கணவன் வந்து நின்று, மத்தியானம் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று கேட்டான்.

"அவளையே கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். தெரு முனையில் பஸ் வந்துகொண்டிருந்தது. அது எங்கே போகிற பஸ் என்று அவள் பார்க்கவில்லை.