காயிப் ஜனாஸா

வான் வண்டியின் கூரையில் ஏறி நின்று டிரைவர் முனாஸ் தார்ப்பாய்ப் படங்கை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கீழே வாளி, வாழைக்குலை, ஐஸ் பெட்டி, இரண்டு பாய், ஒரு காஸ் அடுப்பு என்று சாமான்கள் வந்துகொண்டேயிருந்தன. இரண்டு இரவுப் பயணத்துக்கு ஹாஜியாரின் மனைவி வீட்டையே கழற்றி அனுப்புவாள் போலிருந்தது. மழை சற்று முன்புதான் பொழிந்து நின்றிருந்தது. பாலாவிச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை மட்டும் விளக்குப் போட்டிருந்தது.

மாரி தொடங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்திகளில் மழைத் தண்ணீர் நிறைந்துவிடும். உப்புக் குவியல்களுக்குக் கிடுகு போட்டு மூடிவிட்டால் சாஹுல் ஹமீது ஹாஜியாருக்கு அது ஓய்வு காலம். அவருடைய கூலிக்காரர்களின் அடுப்புக்கும் ஓய்வு காலம்தான். ஹாஜியார் வருடம் தவறாமல் இந்த மழையில்தான் குடும்பத்தோடு எங்காவது போய்வருவார். இந்த முறை இடத்தைத் தெரிந்தெடுத்தது புது மருமகன் றிப்தி. கற்பிட்டிப் பையன். கண்டிக்கு அப்பால் மலைக்குள்ளே ஒரு சிங்களக் கிராமம், அங்கே ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டிலேயே அறைகளை வாடகைக்கு விடுகிறார், முற்றத்தில் மேகம் வந்து இறங்கும் என்று போனில் படங்களைக் காட்டியே மாமனாரை மடக்கிவிட்டான்.

முந்தின நாள் மாலை முனாஸ் ஹாஜியாரிடம் போய் நின்று பார்த்தான். உம்மாவுக்கு இழுப்புக் கூடிவிட்டது, இந்தத் தடவை வேறு யாரையாவது அனுப்ப முடியுமா என்று கேட்டான். ஹாஜியார் கோபப்படவில்லை. மழைக்கு எல்லாருக்கும் இழுக்கத்தான் செய்யும், வீட்டில் தங்கச்சி இருக்கிறாளே, மலை ரோட்டில் பொம்பிளைகளை நம்பிக் கொடுக்க உன்னைவிட்டால் எனக்கு யார் என்று தோளில் கைபோட்டுச் சொன்னார். அந்தக் கையை உதறிவிட்டு வர முனாஸுக்குத் தெரியாது.

தெரிந்திருந்தாலும் முடியாது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரும் துரத்தப்பட்டபோது அவனுடைய உம்மா உம்மு குல்சூம் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தாள். ஹாஜியாரின் வாப்பாதான் தன் தென்னங்காணியின் மூலையில் ஒரு கொட்டில் போட்டுக்கொள்ள விட்டார். அந்தக் கொட்டில் பிறகு கல்வீடாயிற்று, தங்கச்சி றஹ்மா பிறந்தாள், அவனுடைய வாப்பா மவுத்தாகி அடக்கமானார். உம்மா அந்தக் குடும்பத்தின் உப்பளத்தில் கூடை சுமந்தே கிழவியானாள். காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லை, வாடகையும் இல்லை. எழும்பு என்று ஒருநாளும் யாரும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருந்ததில்லை.

குருநாகல் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. கண்டிக்கு மேலே ரோட்டில் பாதி தண்ணீராகவும் பாதி புகையாகவும் கிடந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் ஹாஜியாரின் மனைவி நபிமேல் ஸலவாத்துச் சொன்னாள். மகள் அமானியும் றிப்தியும் ஜன்னலைத் திறந்து மேகத்தைப் பிடிக்கப் பார்த்தார்கள். முனாஸுக்கு மேகம் தெரியவில்லை. முன் கண்ணாடியில் தேய்கிற வைப்பரும், உம்மா மூச்சை இழுக்கும்போது குழிகிற அந்தத் தொண்டையும்தான் தெரிந்தன.

வீட்டுக்கார சுமனசேகர நல்ல மனிதர். விருந்தினருக்கு மூன்று அறை, முனாஸுக்குக் குசினிக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த அறையில் ஒரு கட்டில். போனுக்கு மட்டும் அங்கே சிக்னல் கிடையாது. மேலே வளைவில் ஒரு பாறைக்குப் பக்கத்தில் போய் நின்றால் கிடைக்கும். முதல்நாள் மாலை முனாஸ் அங்கே நனைந்துகொண்டு நின்று றஹ்மாவோடு கதைத்தான். உம்மா கஞ்சி குடித்தாள் என்றாள். அன்றிரவு அவன் நிம்மதியாகத் தூங்கினான். அதை நினைத்துப் பிறகு தன்மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது.

விடிந்ததும் பாறைக்கு ஏறினான். போன் கையில் துடிக்கத் தொடங்கி நிற்காமல் துடித்தது. எல்லாம் றஹ்மா எடுத்த அழைப்புகள்.

"நானா, உம்மா விடியச் சுபஹோட மவுத்தாகிட்டாங்க," என்றாள் அவள். அழுது முடித்த குரல். "பள்ளியில பகல் லுஹருக்குப் பொறகு அடக்குவம் எண்டாங்க. நான்தான் அஸர் வரைக்கும் வைக்கச் சொல்லிக் கேட்டிரிக்கன். உம்மாவ கபுறுக்குள்ள நிண்டு வாங்க உங்களவிட்டா ஆரு நானா இரிக்கி?"

அது உண்மை. ஒரு பெண்ணின் உடலை, அந்த மையித்தைக் கபுறுக் குழிக்குள் நின்று ஏந்தி வாங்கவேண்டியவன் மகன், இல்லாவிட்டால் கூடப்பிறந்தவன், மருமகன். றஹ்மாவுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. உம்மாவின் சகோதரர்கள் மன்னாரிலிருந்து வந்த வழியிலும் வந்த பிறகும் ஒவ்வொருவராக மவுத்தாகிப் போய்விட்டார்கள். முப்பத்தைந்து வருடம் அந்நிய ஆணின் கை படாமல் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே உப்பு சுமந்தவளை ஏந்த அவன் ஒருவன்தான் மிச்சம். இப்போதே புறப்பட்டால் மூன்று மணிக்குப் பாலாவி. பின்னேர அஸர்த் தொழுகைக்குப் பிடித்துவிடலாம்.

"வாரன். வச்சிக்கொண்டிரிங்க," என்று சொல்லிவிட்டு ஓடினான். வழியில் இரண்டு முறை வழுக்கி விழுந்தான்.

ஹாஜியார் இன்னா லில்லாஹி சொல்லி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சேறு அவருடைய வெள்ளைச் சட்டையில் அப்பியது, அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் மனைவி வாய்விட்டு அழுதாள். உம்மு குல்சூம் அமானிக்குத் தலைமுழுக்காட்டியவள், பெருநாளைக்கு அவர்கள் வீட்டில் மாவு இடித்தவள். அழுவதற்கு அவர்களிடம் காரணம் இருந்தது. இரக்கம் இல்லாதவர்கள் என்று யாரும் அவர்களைச் சொல்லிவிட முடியாது.

புறப்படலாம் என்றபோதுதான் ஹாஜியார் வானத்தைப் பார்த்தார். மழை ஊற்றிக்கொண்டிருந்தது. கீழே ஓரிடத்தில் மண் சரிந்திருக்கிறதாமே என்றார். சரிந்ததுதான், ஆனால் விடியற்காலையில் மரக்கறி லொறி இறங்கிப் போய்விட்டது, வேண்டுமானால் மோட்டார் சைக்கிளில் நானே முன்னால் போய் வழி காட்டுகிறேன் என்று சுமனசேகர சிங்களத்தில் சொன்னார். ஹாஜியார் தாடியைத் தடவினார்.

"ஒரு மவுத்துக்காக அஞ்சு மவுத்தா முனாஸ்? பொம்பிளைகள் இரிக்கிற வான்."

அப்படியானால் தான் மட்டும் போவதாக முனாஸ் சொன்னான். சுமனசேகர அவனைப் பெரிய ரோட்டில் கொண்டுபோய் விட்டால் பஸ் பிடித்துக்கொள்வான். இதைக் கேட்ட மாத்திரத்தில் சுமனசேகர போய் மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணிவிட்டார், ஒரு மழைக்கோட்டையும் எடுத்து நீட்டினார். ஹாஜியார் குரலை உயர்த்தவில்லை. இன்றிரவு இங்கே யாருக்காவது ஏதாவது ஆனால் வானை யார் எடுப்பது, றிப்திக்கு கியர் வண்டி ஓட்டத் தெரியாது என்றார். பிறகு,

"நான் தடுக்கல்ல. போறதெண்டா போ. யோசிச்சுப் போட்டுப் போ," என்றார்.

முனாஸ் யோசித்தான். ஹாஜியாரின் காணியில் நிற்கிற அந்த வீட்டில் இப்போது றஹ்மா தனியாக இருக்கிறாள், இனியும் தனியாகத்தான் இருக்கப்போகிறாள் என்று யோசித்தான். யோசித்தபடி முற்றத்தில் நின்றான். மோட்டார் சைக்கிள் புகை விட்டுக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தது. சுமனசேகர ஒரு முறை ஹார்ன் அடித்தார், பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார். மழைக்கோட்டை மடித்து முனாஸ் அவரிடமே கொடுத்தான். தன் கைகள் இவ்வளவு ஒழுங்காக மடிக்கின்றனவே என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அதன்பிறகு ஹாஜியார் எல்லாவற்றையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பள்ளி நிர்வாகத்தில் அவர்தான் தலைவர். முழங்கால் வருத்தத்தோடும் குடையைப் பிடித்துக்கொண்டு றிப்தியோடு பாறைவரை ஏறிப்போய்ப் பேசிவிட்டு வந்தார். உடலைச் சுற்ற நல்ல கபன் துணி எடுக்கச் சொல்லியாயிற்று, மையித்தைக் குளிப்பாட்டியும் முடிந்துவிட்டதாம், நாம் இங்கே காயிப் ஜனாஸா தொழுதுவிடலாம் என்றார். தூரத்தில் இருப்பவர்களுக்கு மார்க்கம் கொடுத்திருக்கிற வழி அது. மையித்து முன்னால் இல்லாமலே ஜனாஸாத் தொழுகை.

சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் நகர்த்தினார்கள். வானில் வந்த இரண்டு பாய்களுக்கும் அங்கேதான் வேலை வந்தது. றிப்தி போனில் கிப்லாத் திசை பார்த்தான். முனாஸ் பின்னால் ஒதுங்கப் போனபோது ஹாஜியார் அவனை முன்னுக்குத் தள்ளினார். "நீதான் மகன். முன்னுக்கு நிண்டு தொழுவிக்க ஒனக்குத்தான் ஹக்கு," என்றார்.

பதினெட்டு வருடமாக ஹாஜியாருக்கு வான் ஓட்டுகிறான் முனாஸ். வானில் தவிர அவருக்கு முன்னால் அவன் ஒருநாளும் இருந்ததில்லை. நாலு தக்பீரையும் சொன்னான். மூன்றாவதற்குப் பிறகு உம்மாவின் பெயரை நினைத்துத் துஆ கேட்கவேண்டிய இடத்தில் அவனுக்கு ஒன்றும் வரவில்லை. பின்னால் ஹாஜியார் தேம்புவது கேட்டது. அது பொய்யான அழுகை இல்லை. குசினி வாசலில் சுமனசேகரவின் மனைவி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள், அடுப்பில் எதையோ பாதியில் இறக்கி வைத்திருந்தாள். ஸலாம் கொடுத்து முடிந்ததும் மேசையை இழுத்துப் பழையபடி போட்டார்கள். ரொட்டியும் கட்டச்சம்பலும் வந்தன.

பதினொரு மணிபோல மழை விட்டது. மேகம் சேலை உரிவதுபோல மலையிலிருந்து கழன்று விழ, வெயில் அடித்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அமானி தன் உம்மாவின் காதில் என்னவோ சொன்னாள், அவள் ஹாஜியாரின் காதில் சொன்னாள். நீர்வீழ்ச்சி கொஞ்சத் தூரம்தானாம். நாளைக்குப் போகிற பிள்ளைகள், இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைப் பார்க்காமல் போகவா? ஹாஜியாருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அதனால் அவரே குசினிப் பக்கம் வந்து முனாஸிடம், "நீயும் இந்த அறைக்குள்ள கெடந்து என்ன செய்ற. ஒன்ட மனசுக்கும் ஒரு மாற்றமா இரிக்கும்," என்றார்.

நீர்வீழ்ச்சிக்குப் போகிற வழியும் அந்த ஒரே ரோடுதான். மண் சரிந்த இடம் வந்தது. ரோட்டின் உள்பக்கம் ஒரு கட்டில் அளவுக்கு மண்ணும் இரண்டு வாழை மரமும் விழுந்து கிடந்தன. அதை ஒட்டி லொறி போன தடம். முனாஸுக்குக் கியரைக் குறைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

நீர்வீழ்ச்சியடியில் வானை நிறுத்தியதும் அவனுடைய போன் அடித்தது. அங்கே சிக்னல் இருந்திருக்கிறது.

"அடக்கியாச்சு நானா," என்றாள் றஹ்மா.

"அஸர் வரைக்கும் எண்டு சொன்னியே."

"லுஹரோட எடுத்திட்டாங்க. நீங்கதானே ஹாஜியார்ட்ட சொல்லி அனுப்பின, வர ஏலாது, எனக்காகப் பாத்துக்கொண்டிரிக்க வேணாம் எண்டு?"

தண்ணீர் விழுகிற சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து அவள் இன்னொருமுறை சொன்னாள். கபுறுக்குள் இறங்கியது யார் என்று அவன் கேட்டான். உப்பளத்துக் கங்காணியும் அவரோடு வந்த இரண்டு பேரும் என்றாள். "முகத்தத் தொறந்து காட்டினாங்க. உம்மா வாசலப் பாக்கிற மாதிரித்தான் இரிந்திச்சு," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பெண்கள் இருவரும் அதற்குள் தண்ணீர் ஓரத்துக்கு இறங்கிவிட்டார்கள். ஹாஜியார்மட்டும் பாதிவழியில் ஒரு பாறைமேல் நின்றுகொண்டிருந்தார். முழங்கால் வருத்தக்காரர், மேலே ஏறவும் முடியவில்லை, கீழே இறங்கவும் முடியவில்லை. றிப்தி மேலேயிருந்து அவருடைய தோள்களைப் பிடித்துக்கொண்டு முனாஸைக் கூப்பிட்டான்.

முனாஸ் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாறைக்குக் கீழே இறங்கினான். முழங்கால்வரை தண்ணீர், ஐஸ்போலக் குளிர்ந்தது. கால் நழுவாமல் இரண்டு கல்லுக்கு நடுவே ஊன்றி நின்றுகொண்டு கைகள் இரண்டையும் மேலே நீட்டினான்.

"மெல்ல மகன், மெல்ல," என்றார் ஹாஜியார்.

றிப்தி மேலேயிருந்து கொடுக்க, முனாஸ் கீழே நின்று அவருடைய முழுப் பாரத்தையும் நெஞ்சோடு ஏந்தி வாங்கினான். பிஸ்மில்லாஹ் என்று அவன் வாய் தானாகச் சொல்லிற்று. கொஞ்சமும் அதிராமல், ஒரு பக்கமும் சாய்ந்துவிடாமல், அவரைக் கரை மணலில் இறக்கினான்.