மருத்துவரிடம் சொல்லாத மகள்

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று மருத்துவர் கேட்டபோது சௌரேஷ் யோசிக்கவே இல்லை.

"ரெண்டு பையனுங்க."

பொய் சொல்கிறோம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. எத்தனையோ வருஷமாக அதுதான் பதில். மூன்றாவதாகப் பிறந்த பெண்ணை, கைக்குழந்தையாக இருக்கும்போதே, கணவனின் பிள்ளையில்லாத அண்ணன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். எங்கள் கஸாக் குடும்பங்களில் இது புதிதல்ல. கொடுத்தால் கொடுத்ததுதான். பெற்றவள் அதன்பிறகு வாயைத் திறக்கக் கூடாது, பிள்ளைக்கும் தெரியக் கூடாது. ஓரகத்தி குல்யாஷ் அவளுக்கு வெள்ளை ஒட்டகக் குட்டி என்று அர்த்தம் வரும் அக்போத்தா என்ற பெயர் வைத்து, தரையில் விடாமல் வளர்த்தாள். அக்போத்தா சௌரேஷைச் சித்தி என்று கூப்பிட்டு வளர்ந்தாள்.

இதில் கொடுமை என்னவென்றால், அவளை மருத்துவரிடம் கொண்டுவந்த நோய்க்கு வேரான செல் பிழைகளை ஆராய்வதுதான் அல்மாத்தியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சௌரேஷ் காலமெல்லாம் பார்க்கும் வேலை. செல் இரண்டாகப் பிரியும் முன் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கிறது. படியெடுக்கும்போது எங்காவது ஓர் எழுத்து மாறி விழும், எதிர் இழையோடு ஜோடி சேராது. அதைத் தேடிப் பிடிப்பதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. பழைய இழையை நம்பு, புதிய இழையைத் திருத்து என்பது அவற்றின் சட்டம். பிழை உள்ள துண்டையே புதிய இழையிலிருந்து வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தைத் திரும்ப எழுத வைக்கும். இந்தப் புரதங்கள் இல்லாத செல்லில் பிழைமேல் பிழை சேரும். ஈஸ்ட்டில் அதை வேண்டுமென்றே செய்து பார்ப்பவள் சௌரேஷ். கடைசியில் அது அவள் குடலிலேயே நடந்தது. அறுத்தெடுத்த புற்றுநோய்க் கட்டியில் அந்தப் புரதங்களில் இரண்டைக் காணவில்லை. ரத்தத்தில் பார்த்தார்கள். பழுது பிறவியிலேயே வந்தது.

"பிள்ளைங்களுக்கும் பாதிக்குப் பாதி வர வாய்ப்பு இருக்கு. உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்?" என்றார் மருத்துவர். "இருந்தாலும் பயப்பட வேண்டாம். அடிக்கடி உள்ளே கேமரா விட்டுப் பாத்துக்கிட்டா, வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சிடலாம்."

மகன்கள் இருவருக்கும் பழுது இல்லை. சந்தோஷத்தில் ஆடு அறுத்தார்கள். சௌரேஷ் மட்டும் தன் பங்கு இறைச்சியை மகன்கள் தட்டில் தள்ளிவைத்தாள். இவர்களுக்கு வரவில்லையே, அவளுக்கும் வந்திருக்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு பேருக்கு வராததற்கும் மூன்றாமவளுக்கும் சம்பந்தமே இல்லை என்று மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவள் நினைக்கிற நினைப்பா இது? நினைத்தாள். வாயைத் திறந்தால் குல்யாஷின் முகத்தில் விழிக்க முடியாதே என்ற பயம் அவளுக்கு. அந்தப் பயத்துக்கு அடக்கம் என்றும் மரியாதை என்றும் பெயர் வைத்துக்கொண்டாள்.

ஆறு மாதம் கழித்து, ஆப்பிள் பறிக்கும் காலத்தில் குல்யாஷ் போன் செய்தாள்.

"சௌரேஷ், நம்ம அக்போத்தாவுக்கு மூலமாம். ரத்தம் போகுதாம். நல்ல களிம்பு ஏதாவது தெரியுமா?"

"மூலம்னு யாரு சொன்னது?"

"டாக்டர்தான். சின்ன வயசு, அப்பா அம்மாவுக்குக் குடல்ல ஒரு கோளாறும் இல்ல, வேற ஒண்ணுமிருக்காதுன்னு சொல்லிட்டாரு."

சௌரேஷ் அடுத்த பேருந்திலேயே குல்யாஷ் இருக்கும் தல்காருக்குப் போனாள். அடுக்களையில் குல்யாஷ் பவுர்சாக் மாவுருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். சௌரேஷ் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஈஸ்ட்டுக்கு வைத்தியம் பாக்குறவ என் பொண்ணுக்குப் பாக்க வந்துட்டியா?"

"அக்கா, கொஞ்சம் கேளுங்க..."

"பெத்ததோட உன் பங்கு முடிஞ்சுது. மாமனார் முன்னாடி வாக்கு குடுத்தியா இல்லியா?"

தேநீர்க் கிண்ணத்தை விளிம்புவரை நிறைத்து அவள் முன்னால் வைத்தாள். எங்களில் விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவோம். நிறைத்துக் கொடுத்தால் எழுந்து போ என்று அர்த்தம். சௌரேஷ் எழுந்திருக்கவில்லை.

"என் வயித்துல அறுத்தாங்கல்ல, அதே வியாதி அக்கா. என்கிட்டேருந்து அவளுக்குப் போயிருக்கலாம். மூலம்னு விட்டா செத்துப் போயிடுவா."

குல்யாஷ் அடுப்பை அணைத்தாள். முகத்தைத் தலைத்துணியில் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லித் தொலை. ஆனா நான் பக்கத்துல இருக்கும்போது சொல்லு."

தோட்டத்திலிருந்து ஆப்பிள் கூடையோடு வந்த அக்போத்தாவை உட்கார வைத்துச் சௌரேஷ் பெற்றதையும், நோயையும், மகன்களுக்குச் செய்த பரிசோதனையையும் சொன்னாள். "உன்னைக் குடுத்ததை மறைச்சுட்டோம். என்னை மன்னிச்சிடு கண்ணு," என்றாள்.

"அது எனக்குப் பள்ளிக்கூடத்துலயே தெரியும் சித்தி. ஊர்ல எவ வாய் சும்மா இருக்கும்?" என்றாள் அக்போத்தா. "அம்மா மனசு கஷ்டப்படுமேன்னுதான் நான் தெரியாத மாதிரி இருந்தேன்."

குல்யாஷ் அவளைக் கட்டிக்கொண்டு, "என் ஒட்டகக் குட்டி, என் ஒட்டகக் குட்டி," என்று அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "கோட்டைப் போடு, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம்," என்று உள்ளே ஓடினாள்.

சௌரேஷின் நெஞ்சு கொஞ்சம் லேசானது. இதற்கா இத்தனை நாள் நடுங்கினோம் என்றுகூட நினைத்தாள். அக்போத்தா கோட்டுப் பொத்தானைப் போட்டபடி கேட்டாள்.

"அண்ணனுங்களுக்கு டெஸ்ட் எப்ப எடுத்தீங்க?"

"நவ்ரிஸ் பண்டிகைக்கு முன்னாடி. பனி உருகுறப்ப."

அக்போத்தாவின் விரல்கள் பொத்தானிலேயே நின்றன.

"எனக்கு ரத்தம் போக ஆரம்பிச்சதே நவ்ரிஸுக்கு அப்புறம்தான், சித்தி."