மண்டபத்துத் தழும்பு

"யாரும் பாடையத் தூக்கக் கூடாது. மொதல்ல ஊசி. அப்புறந்தான் எடுக்கிறது."

பூரணி தேயிலைத் தோட்டத்து லயத்தில் தன் வீட்டு வாசலை மறித்து நின்றாள். உள்ளே அவள் புருஷன் மாயாண்டி வேப்பிலைக்கு நடுவில் கிடந்தான். பெரியம்மை, முத்து முழுசாக எழும்புவதற்குள்ளேயே ஆளைக் கொண்டுபோய்விட்டது. பாழாய்ப்போன நோய்! அம்மை கண்ட வீடு என்று தப்புப் பறைகூட அடிக்கவில்லை. தூக்க வந்தவர்கள் தூறலில் நனைந்தபடி தலையைச் சொறிந்தார்கள். தோட்டத்து டிஸ்பென்சர் முத்துலிங்கம் மருந்துப் பெட்டியோடு ஓரமாக நின்றார். ஆள் விட்டு அவரை வரவழைத்தவள் பூரணிதான்.

மாமியார் காளியாயி பேத்தி அழகம்மாவை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"ஆத்தா எறங்கியிருக்கிற வீட்டுல ஊசியா? எம்மவனுக்குந்தான் மண்டபம் கேம்புல குத்துனாங்க. குத்தி என்னாடி ஆச்சு?"

 போன மாதம், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாருக்கும் ஊசி போட்டபோது மாயாண்டி சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினான். சின்ன வயதில் இலங்கைக்குக் கப்பலேறுவதற்கு முன் மண்டபம் கேம்பில் குத்தியது. "இது இருக்கையில எனக்கென்ன?" என்று சிரித்துவிட்டு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்கு நழுவிவிட்டான். அவளும் கூடச் சிரித்தாள்; தானும் போட்டுக்கொள்ளவில்லை, பிள்ளைக்கும் போடவில்லை. 

"தழும்பு சாகுற வரைக்கும் இருக்கும்மா," என்றார் டிஸ்பென்சர். "ரத்தத்துல இருக்கிற காவல் அப்படி இல்ல. வருசம் போகப் போகக் கொறையும். நெறைய இருந்தா நோய் அண்டாது. கொஞ்சம் மிச்சமிருந்தா, சில பேருக்கு லேசா வந்து போயிரும். வத்திப்போனா..." உள்ளே பார்த்துவிட்டு நிறுத்தினார். "திரும்பக் குத்துனா ஏறும். நோய் ஒட்டி ரெண்டு மூணு நாளுக்குள்ள குத்துனாலும் தடுக்கும். இன்னும் நேரமிருக்கு."

பூரணி மாமியாரின் முன் உட்கார்ந்தாள்.

"அத்த, அடுப்பு இருந்தா நெருப்பு இருக்குன்னு அர்த்தமா? தெனம் காலையில ஊதித்தானே எரிய வைக்கிறோம்? அவரு வெறும் அடுப்பக் காட்டிட்டுப் போயிட்டாரு. எம்மவளுக்கு அடுப்பே இல்ல. ஆத்தா கோவிச்சா எங்கிட்ட கோவிக்கட்டும். புள்ளய விடுங்க."

காளியாயியின் பிடி தளர்ந்தது.

பூரணி முதலில் தன் இடது கையை நீட்டினாள். இன்னும் சற்று நேரத்தில் உடைக்கப்போகும் வளையல்கள் குலுங்கின. அடுத்து அழகம்மா வீறிட்டு அழுதாள். காளியாயி மகனின் கால்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து சேலையை விலக்கி இடது தோளைக் காட்டினாள். அங்கேயும் ஒரு மண்டபத்துத் தழும்பு.

"எனக்கும் குத்துங்கய்யா. புள்ளயப் பாத்துக்க ஆளு வேணுமில்ல."

"குத்துன எடத்துல தண்ணி படக் கூடாது," என்றார் டிஸ்பென்சர்.

மாயாண்டியை எடுத்துப் போனார்கள். தேயிலைக்கு நடுவே பாடை மறைந்ததும் பூரணி அடித்துக்கொண்டு அழுதாள்.

தலை முழுக, ஊற்று நீர் கொட்டும் பீலிக்குப் போனார்கள். மலைத் தண்ணீர் எலும்பைக் கடித்தது. மூன்று பேரும் இடது கையை மட்டும் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்தபடி நனைந்தார்கள். காளியாயியின் கை மெல்லக் கீழே இறங்கியது. பூரணி அதைத் தன் வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.